வைக்கோலுக்கு உறை ஊற்றுகிற வீடு

சென்ற கார்த்திகையில் எங்கள் உறையூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூன்று வைக்கோல் பைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"செவுத்துல பூஞ்சை வரக் கூடாதுன்னுதான் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறோம். நீ என்னடின்னா காசு குடுத்து அதை வாங்கிட்டு வந்து தொங்கவிடுற. வீட்டுக்குள்ள காளான் முளைச்சா ஆகாதுடி."

அம்மாவின் இந்தப் பயம் மிகப் பழையது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், குமணனைத் தேடிப் போன பெருந்தலைச் சாத்தனார் தன் வறுமையைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் காட்டுவது வீட்டு அடுப்பைத்தான். சமைத்து வெகுநாளான அந்த அடுப்பில் காளான் முளைத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணனுடைய சமையற்கட்டிலும் காளான் பூத்துக் கிடக்கிறது. ஆம்பி என்பது அன்றைய சொல். அடுப்பங்கரையில் அது தலைகாட்டினால் அந்த வீட்டில் உலை வைத்து நாளாயிற்று என்று அர்த்தம். அந்த அடையாளம் எப்படியோ அம்மாவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் தொங்கவிட்ட மூன்று பைகளில் இரண்டு பத்தே நாளில் பச்சை பிடித்துக் கெட்டுப்போயின. மூன்றாவது பையில் இருபத்து மூன்றாம் நாள் விடியலில் ஊசிமுனை அளவு மொட்டுகள் தெரிந்தன. மறுநாள் அவை மிளகளவு. அதற்கடுத்த நாள் காலை பல் துலக்கப் போனவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே நின்றேன். உள்ளங்கை அகலத்துக்கு, அடுக்கடுக்காக, பால்வெள்ளையில் ஒரு கொத்து. நிறுத்துப் பார்த்தால் 340 கிராம். அம்மா கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "புது வைக்கோல் வாசனை அடிக்குதுடி" என்றார். அன்று மதியம் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு அவரேதான் பிரட்டினார்.

ஒன்று பிழைத்தது, இரண்டு ஏன் செத்தன? இந்தக் கேள்வியோடு வித்துத் தயாரிப்பவர்கள், குடில் போட்டு வளர்ப்பவர்கள், வளர்த்துக் கைவிட்டவர்கள் என்று கடந்த சில மாதங்களாகப் பலரைப் பார்த்துவிட்டேன். பதிலின் பாதியை அம்மாதான் கொடுத்தார்.

பாலும் வைக்கோலும்

காளான் செடி கிடையாது. அதற்குப் பச்சையம் இல்லை, வேர் இல்லை, விதை இல்லை. மண்ணும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். நாம் சமைக்கிற குடை அதன் பழம் மாதிரி. உண்மையான உடம்பு வைக்கோலுக்குள் பரவிக் கிடக்கும் வெள்ளை நூல். பூசண இழை என்று அதைச் சொல்கிறார்கள். மாட்டின் வயிறு கூடச் சிரமப்பட்டுச் செரிக்கும் வைக்கோலின் நார்ப்பொருளை இந்த இழை தன் நொதிகளால் கரைத்து உண்கிறது. மரக்கட்டைக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னினையே உடைக்கிற வல்லமை நான் வளர்த்த சிப்பிக் காளானுக்கு உண்டு. காட்டில் பட்டுப்போன மரங்களை மக்கவைப்பதுதான் அதன் பிழைப்பு. அதே வேலையை நம் வீட்டுப் பையில் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விளக்கி அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில், "பாலுக்கு உறை ஊத்துற மாதிரிம்மா" என்றேன். பட்டென்று பிடித்துக்கொண்டார். பாலைக் காய்ச்சுவது அதில் உள்ள மற்றதையெல்லாம் ஒழிக்க. ஆறவைப்பது உறையிலுள்ள உயிர் வெந்துபோகாமல் இருக்க. பிறகு உறை மோர். பிறகு மூடிவைத்து, அசைக்காமல் விட வேண்டும். வைக்கோலுக்கும் இதே வரிசைதான். உறை மோருக்குப் பதில் காளான் வித்து.

உடனே அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப நீ வைக்கோலைக் காய்ச்சுனியா?"

நான் காய்ச்சவில்லை. இரண்டு குடம் வெந்நீரை வைக்கோல் மேல் ஊற்றி, ஆறியதும் பிழிந்து எடுத்துப் பையில் அடைத்திருந்தேன். காய்ச்சாத பாலில் உறை ஊற்றியவளுக்குத் தயிர் எப்படிக் கிடைக்கும்? மூன்றாவது பை பிழைத்தது என் திறமையால் அல்ல. அண்டாவின் அடியில், கொதிநீரிலேயே அதிக நேரம் மூழ்கிக் கிடந்த வைக்கோல் அதில் போயிருக்கிறது.

அறுத்துப் போட்ட வைக்கோலில் களத்துத் தூசியோடு எண்ணற்ற பூசண வித்துகள் ஒட்டியிருக்கும். ஈரமும் கதகதப்பும் கிடைத்ததும் அவையும் முளைக்கும். அவற்றில் பல நாம் விதைக்கும் காளானைவிட வேகமாக ஓடக்கூடியவை. எனவே வித்துப் போடுவதற்கு முந்தைய நாள் வேலையில்தான் முழு விளைச்சலும் இருக்கிறது. நான் பார்த்தவரையில் தோற்றவர்களில் அநேகரும் அங்கேதான் தோற்றிருக்கிறார்கள்.

முறை கடினமானதல்ல. பொன்னிறமான, மழையில் நனையாத நெல் வைக்கோலை எடுத்துக்கொள்ள வேண்டும். கறுத்ததும் பூத்ததும் ஆகாது. லால்குடிப் பக்கம் அறுவடை முடிந்ததும் ஒரு கட்டு வாங்கி மேல்பரணில் போட்டு வைத்தால் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பருவம் முழுக்கக் காணும். இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நல்ல தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இட்லிப் பானை மாதிரி ஆவியில் வேகவைத்தாலும் சரி. பிறகு வடித்து, டெட்டால் போட்டுத் துடைத்த தரையிலோ சுத்தமான தார்ப்பாயிலோ நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும்.

எவ்வளவு உலர்ந்தால் போதும்? இந்த இடத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம், கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. ஆனால் கையை விரித்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 65 சதவீத ஈரம். சொட்டினால் பைக்குள் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கிப் புளிப்பு நாற்றம் எடுக்கும். மொறுமொறுவென்று காய்ந்துவிட்டால் இழை ஓடாமல் பாதியில் நின்றுவிடும். எனக்கு இந்தப் பதம் பிடிபட ஆறு படுக்கைகள் ஆயின.

பெரிய பண்ணைகளில் கொதிக்கவைப்பதற்குப் பதிலாக ஃபார்மலினும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த நீரில் வைக்கோலை இரவு முழுக்க ஊறப்போடும் வழக்கம் உண்டு. விறகுச் செலவு மிச்சம் என்பார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் பொருள். குழந்தைகள் நடமாடும் வீட்டில், நாமே சாப்பிடப்போகும் ஒன்றுக்கு, ஒரு மணி நேர அடுப்பெரிப்பு பெரிய செலவில்லை.

உறை மோர் புளித்திருந்தால்

காளான் வித்து என்பது அந்த வெள்ளை இழை படர்ந்த தானியம், பெரும்பாலும் சோளம்தான். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலக்கிறார்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும் புளிப்பு ஏறாமல் இருக்கவும் அது. பிறகு பாட்டிலிலோ வெப்பம் தாங்கும் பையிலோ அடைத்து, வாயைப் பஞ்சால் மூடி, ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வைத்து முழுக்கக் கிருமி நீக்கியபின் தாய் வித்தை இடுகிறார்கள். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் காலியான குளுக்கோஸ் பாட்டில்களைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்போது ஒவ்வொரு மணியும் வெள்ளைப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். அதுதான் பதம்.

வீட்டில் வித்துத் தயாரிக்க முயலாதீர்கள். அதற்கு ஆய்வுக்கூடச் சுத்தம் வேண்டும். வாங்குவதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். முழுக்க வெள்ளையாக, பஞ்சு போலப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று ஒரு புள்ளி தெரிந்தாலும் வேண்டாம். அடியில் மஞ்சள் நீர் கோத்திருந்தால், உதிர்த்தால் உதிராமல் கல் மாதிரி இறுகியிருந்தால், அது கிழடு. தயாரித்து மூன்று, நான்கு வாரத்துக்குள் இருப்பது நல்ல வித்து. இந்த ஜனவரியில் நான் தேதி எழுதாத பொட்டலங்கள் ஆறு வாங்கி ஏமாந்தேன். "புதுசுதான் மேடம், நேத்துதான் வந்துச்சு" என்றார் விற்றவர். கடைக்கு வந்தது நேற்றாக இருக்கலாம். உள்ளேயே குட்டிக் காளான்கள் முளைத்துக் காய்ந்து கிடந்ததை வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் பார்த்தேன். நன்றாகக் காய்ச்சிய வைக்கோல் பன்னிரண்டு பை வீணாயிற்று. நியாயமான வித்துக்கூடம் எதுவாக இருந்தாலும் தேதி ஒட்டித்தான் தர வேண்டும். ஒட்டாதவரிடம் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

300 கிராம் பொட்டலம் ஒன்று இரண்டு படுக்கைக்குப் போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள பாலிதீன் பையின் அடியைக் கயிற்றால் கட்டி உள்புறமாகத் திருப்பினால் வட்டமான அடிப்பாகம் கிடைக்கும். இரண்டு அங்குல உயரத்துக்கு வைக்கோல், கையால் லேசாக அமுக்கி ஓரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடிக்கும் குறைவான வித்து, மறுபடி வைக்கோல். இப்படி ஐந்து அடுக்கு வைக்கோல், இடையிடையே நான்கு அடுக்கு வித்து. வாயை இறுகக் கட்டி, பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவு சில துளைகள் போட்டால் படுக்கை தயார். காய்ந்த கணக்கில் அரைக் கிலோ வைக்கோல் அதற்குள் இருக்கும். வித்தைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பச்சையாகப் போன என் இரண்டு பைகளைக் கெடுத்தது டிரைக்கோடெர்மா. விவசாயிகள் இந்தப் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். வேரழுகலைத் தடுக்க விதையோடு கலக்கச் சொல்லி வேளாண் துறையினர் கொடுக்கிறார்களே, அதே பூசணம். மற்றப் பூசணங்களைத் தின்று ஒழிப்பது அதன் குணம். வயலில் அந்தக் குணம் நமக்குக் காவல், காளான் பையில் அதே குணம் நமக்கு நாசம். வயலில் அதைத் தூவிய கையோடு, அதே உடுப்போடு காளான் அறைக்குள் வரக் கூடாது. பச்சை படர்ந்த பையை அறைக்குள் திறக்கவும் கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் புதைத்துவிட வேண்டும்.

இருபது நாள் இருட்டு

விதைத்த படுக்கைக்குப் பதினைந்து முதல் இருபது நாள் வேலை எதுவும் கிடையாது. காற்றோட்டம் அதிகமில்லாத, இருட்டான மூலை போதும். மாடிப்படிக்கு அடி, பயன்படாத குளியலறை, பரணுக்குக் கீழே, எங்கே வேண்டுமானாலும். தினம் போய்த் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். வித்து இருந்த இடத்திலிருந்து வெள்ளை மெல்ல மேலும் கீழும் ஓடி, ஒருநாள் பை முழுவதும் சுண்ணாம்பு பூசிய உருளை மாதிரி ஆகிவிடும். தயிர் உறைந்துவிட்டது.

அதன்பிறகு அதற்கு வேண்டியவை வேறு. பையைக் கிழித்துவிட வேண்டும் அல்லது பிளேடால் ஆங்காங்கே கீற வேண்டும். செய்தித்தாள் வாசிக்கிற அளவு வெளிச்சம், காற்று, நிறைய ஈரப்பதம். அறையைச் சுற்றி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பி நனைத்து, காலையும் மாலையும் தெளிப்பானால் பனி மாதிரித் தெளித்தால் 80, 85 சதவீத ஈரப்பதம் நிற்கும். தெளிப்பு மெல்லியதாக இருக்கட்டும். குடைமேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பாக்டீரியா புகுந்து மஞ்சள் தழும்பு விழும்.

தனக்கு என்ன குறை என்பதைச் சிப்பிக் காளான் தன் உருவத்திலேயே சொல்லிவிடும். காம்பு நீண்டு குடை சின்னதாக இருந்தால் அறையில் காற்று போதவில்லை. அது வெளிவிட்ட கரியமில வாயுவிலேயே அது மூச்சுத் திணறுகிறது. ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரப்பதம் போதவில்லை. ஒல்லியான காம்பில் சாம்பல் நிறக் குடை வந்து சில மணி நேரத்தில் கறுப்பு மையாக ஒழுகினால் அது நீங்கள் விதைத்ததே அல்ல. மைக்காளான் என்கிறார்கள். வைக்கோலில் ஈரம் அதிகம், வேகவைத்தது குறைவு என்று அது சொல்கிறது. பிடுங்கி எறியுங்கள். விதைத்த காளானைத் தவிர வேறு எது முளைத்தாலும் வாயில் வைக்கக் கூடாது.

மொட்டு விட்ட மூன்றாம் நாள் அறுவடை. காம்பைப் பிடித்து மெதுவாகத் திருகினால் கொத்தோடு வந்துவிடும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். குடையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருளத் தொடங்கும் முன்னரே பறித்துவிடுங்கள். பிந்தினால் சிப்பிக் காளான் கோடிக்கணக்கில் வித்துத்தூளைக் காற்றில் விடும். அறைக்குள் புகை மாதிரித் தெரியும், கீழே இருக்கிற பொருளின் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவத்தில் பதிவான நோய். ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் காளான் வேண்டாம். மற்றவர்களும் அறுவடைக்குப் போகும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. பயிற்சி பெற்றவர்கள் என்னிடம் பேசிய மணிக்கணக்கான பேச்சில் இந்த ஒன்றைச் சொன்னவர்கள் இரண்டே பேர்.

முதல் அறுவடை முடிந்து ஏழு முதல் பத்து நாளில் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. என் மூன்றாவது பை மொத்தம் 720 கிராம் கொடுத்தது. பதம் பிடிபட்ட பிறகு ஒரு கிலோவை ஒட்டி வருகிறது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு படுக்கையின் ஆயுள் ஏறக்குறைய ஐம்பது நாள். காய்த்து முடிந்த வைக்கோல் கறுப்பாகாமல், பொலபொலவென்று மெத்தாகியிருக்கும். தொட்டிச் செடிக்கும் மண்புழு உரத்துக்கும் அது அருமையான தீனி.

வைக்கோலில் தழைச்சத்து மிகக் குறைவு. பிறகு இந்தக் காளானுக்குப் புரதம் எங்கிருந்து வருகிறது? வைக்கோலில் உள்ள கொஞ்சத்தை ஒன்று விடாமல் சேர்த்துக்கொள்கிறது என்பது ஒரு பதில். காட்டில் அது வேறொரு வழியும் வைத்திருக்கிறது. மக்கும் மரத்தில் நெளியும் நூற்புழுக்களைத் தன் இழைச் சுரப்பால் செயலிழக்கவைத்து, உள்ளே புகுந்து உறிஞ்சிவிடும் என்பதைக் கனடாவின் ஆய்வாளர்கள் 1984இல் கண்டறிந்தார்கள். சைவமா அசைவமா என்று எங்கள் தெருவில் நடக்கிற வாதத்துக்குள் நான் இதைக் கொண்டுபோகவில்லை.

சித்திரைக்கு வேறு காளான்

சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வரை சுகம். எங்கள் திருச்சியில் அது ஐப்பசியிலிருந்து மாசி வரைதான். பங்குனி வெயிலில் என் படுக்கைகள் மொட்டு விட்டு மொட்டாகவே கருகின. சாக்கை நனைத்தேன், ஐஸ் வைத்தேன், பலிக்கவில்லை. வெயிலோடு சண்டை போடுவதைவிட வெயிலை விரும்பும் காளானைப் போடுவதுதான் புத்தி.

அப்படி ஒன்று இருக்கிறது. பால் காளான். 30 முதல் 35 டிகிரி சூட்டில்தான் அது சந்தோஷமாக வளரும். மேற்கு வங்கத்தில் கண்டெடுக்கப்பட்டு 1974இல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகமான நம் நாட்டுக் காளான் இது. வங்கத்திலேயே வளர்த்துப் பார்த்தார்கள் என்றாலும், வைக்கோலில் பெரிய அளவில் விளைவிக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் உருவாக்கி, 1990களின் இறுதியில் 'ஏபிகே 2' என்ற பெயரில் இரகமாக வெளியிட்டது. ஏபிகே என்பது அருப்புக்கோட்டை. வெயிலுக்குப் பேர்போன அந்தக் கரிசல் ஊரின் பெயர் தாங்கிய காளான் இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் முளைக்கிறது. நாம் இதைப் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

பால் காளானுக்குக் கூடுதலாக ஒரே ஒரு வேலை. இழை பரவி முடிந்ததும் படுக்கையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டிய முகத்தின் மேல் ஆவியில் வேகவைத்த தோட்டத்து மண்ணை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, காயாமல் தெளித்துவர வேண்டும். மண்ணில் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் கலந்துகொள்வது நல்லது. மேல்மண் இல்லாமல் அது மொட்டே விடாது. பத்து நாளில் மொட்டு, மேலும் ஒரு வாரத்தில் தடித்த காம்போடு தேங்காய்ப்பத்தை மாதிரி உறுதியான காளான். சிப்பிக் காளானை வெளியே வைத்தால் ஒரே நாளில் வாடும். பால் காளான் மூன்று நாள் தாங்கும்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் மொட்டுக் காளான் நமக்கு ஒத்துவராது. அதற்குப் பதினைந்து, பதினெட்டு டிகிரி குளிரும் வாரக்கணக்கில் மக்கவைத்த எருவும் வேண்டும். ஊட்டிக்கும், 1997இல் காளான் நகரம் என்று அறிவிக்கப்பட்ட இமாசலத்துச் சோலனுக்கும் அது சரி.

கோவையில் காளான் ஆராய்ச்சிக்கு 80 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மழைக்குப் பின் வைக்கோல்போரில் தானாக முளைக்கும் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டி, அங்கிருந்த வேளாண் கல்லூரி ஆய்வாளர்கள் 1943இல் கட்டுரை வெளியிட்டார்கள். 1962இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் விளைவித்தார்கள். சிப்பிக் காளான் வளர்ப்பின் முதல் அடி ஜெர்மனியில் 1917இல், முதல் உலகப் போரின் உணவுப் பஞ்சத்துக்கு நடுவே, வெட்டிய மரக்கட்டைகளில் விழுந்தது. சாத்தனாரின் அடுப்பில் பசியின் அடையாளமாக இருந்த ஒன்றை, அங்கே பசிக்கு மருந்தாக்க முயன்றார்கள்.

நூறு படுக்கை ஆசை

"வீட்டிலிருந்தே மாதம் இத்தனை ஆயிரம்" என்று விளம்பரம் பார்த்து, நகையை அடகு வைத்து இருநூறு படுக்கை போட்ட ஒரு அக்காவைப் பார்த்தேன். விளைந்ததையெல்லாம் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று சொன்ன வித்து நிறுவனம், முதல் அறுவடை வந்ததும் தரம் போதவில்லை என்று கைவிரித்துவிட்டது. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தது 30 கிலோ காளான். "தம்பி வண்டியில கட்டிவிட்டு ஓட்டல் ஓட்டலா அனுப்பினேன். பாதி திரும்பி வந்துச்சு. சாயந்திரத்துக்குள்ள தண்ணி விட்டு மஞ்சளாயிருச்சு கண்ணு" என்றார். விளைவிப்பதில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

காளான் தொழிலின் கழுத்துப்பிடி இங்கேதான். அது அன்றன்றைக்கு விற்க வேண்டிய பண்டம். குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் சிப்பிக் காளானின் முகம் போய்விடும். ஆகவே வளர்க்கத் தெரிவதற்கு முன்பே வாங்குகிறவர்கள் வேண்டும். வெற்றிகரமாக நடத்துகிறவர்களைப் பார்த்தால் அவர்கள் எல்லாரும் பத்துப் படுக்கையில் தொடங்கி, அக்கம்பக்கத்துக்கு இருநூறு கிராம் பொட்டலமாகக் கொடுத்துப் பழக்கி, தினம் இவ்வளவு போகும் என்று தெரிந்தபின் கூட்டியவர்கள். திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று யார் சொன்னாலும் அதை நம்பி முதல் போடாதீர்கள். பயிற்சிக்கு வேளாண் பல்கலைக்கழகமும் பல மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன. சொற்பக் கட்டணத்தில் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை. வாரம் இரண்டு படுக்கை போட்டுக்கொண்டே வந்தால், நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவது மாதத்திலிருந்து வாராவாரம் கிலோவுக்குக் குறையாமல் காளான் கிடைக்கும்.

காளானைப் பற்றி மிகையாகச் சொல்லப்படும் ஒன்றையும் திருத்த வேண்டும். இறைச்சிக்குச் சமமான புரதம் என்கிறார்கள். காய்ந்த காளானைக் கணக்கிட்டால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கும், உண்மை. ஆனால் பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிராம் காளானில் கிடைப்பது மூன்று கிராம் புரதம், அரை முட்டை அளவு. அதுவே காய்கறி வரிசையில் நல்ல அளவுதான். கொழுப்பு மிகக் குறைவு, பொட்டாசியமும் பி வைட்டமின்களும் உண்டு. இன்னொரு நல்ல சங்கதி: நறுக்கிய காளானை மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் அதிலுள்ள எர்கோஸ்டீரால் வைட்டமின் டி ஆக மாறுகிறது. அம்மா இப்போது வடகத் தட்டுப் பக்கத்தில் காளான் தட்டும் வைக்கிறார்.

சமைக்கும்போது தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். லேசாக அலசி, கையால் நாராகக் கிழித்து, சட்டி சூடானதும் போட்டால் அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை பொறுத்து, பிறகு மிளகும் சீரகமும். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். கொங்கு நாட்டுத் தள்ளுவண்டிகளில் காளான் என்று விற்பதில் முட்டைக்கோஸும் மைதாவும்தான் பெரும்பங்கு. அதன் ருசியைச் சிப்பிக் காளானில் எதிர்பார்க்க வேண்டாம். இதன் ருசி தனி. கோழிக்கறியின் நாரும் புது வைக்கோலின் வாசமும்.

வீட்டில் வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு துணிச்சல் வரும். மழை விட்டதும் வேலியோரம் முளைத்ததைப் பார்த்து, இதுவும் அதுதானே என்று தோன்றும். புற்றுக் காளானைத் தலைமுறையாக அறிந்து பறிக்கிறவர்களின் அறிவு வேறு. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூசணத்திலிருந்து வருவது அது. மனிதனால் இன்னும் அதைப் பையில் விளைவிக்க முடியவில்லை. நம்மைப் போன்றவர்கள் காட்டுக் காளானைத் தொடக் கூடாது. வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பொய்ச் சோதனைகள். கொல்லும் வகையின் நஞ்சு கொதித்தாலும் போகாது. சாப்பிட்டு அரை நாள் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும், பிறகு சரியானது போலிருக்கும், அதன்பின் ஈரல் கெடும். 2022 ஏப்ரலில் அசாமில் இப்படிச் செத்தவர்கள் 13 பேர். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இதை எழுதும்போது மாடிப்படிக்கு அடியில் எட்டுப் படுக்கைகள் தொங்குகின்றன. வைக்கோலின் பதத்தை இப்போது அம்மாதான் பார்க்கிறார். பிடித்துப் பிழிந்து, "இன்னும் அரை மணி நேரம் உலரட்டும்" என்பார். அவர் சொன்ன பிறகு அடைத்த பை ஒன்றுகூட இதுவரை பச்சையாகவில்லை.

ஐப்பசி பிறந்ததும் நீங்களும் இரண்டே இரண்டு படுக்கை போடுங்கள். வைக்கோலை ஒரு மணி நேரம் முழுசாகக் கொதிக்கவிடுங்கள். தேதி இல்லாத வித்தை வாங்காதீர்கள். அந்த இரண்டும் காய்த்த பிறகு மூன்றாவதைப் பற்றி யோசியுங்கள்.